கல்வி அதிகாரிக்கு வாக்குப்பெட்டி எதற்கு?



அண்மைக் காலமாக ஒரு கருத்து நம் தமிழ்ப்பள்ளி வட்டாரத்தில் அடிக்கடி ஒலிக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் கேட்கிறேன். ஆசிரியர் அறையில் கேட்கிறேன். திருமணப் பந்தியிலும் கேட்டுவிட்டேன். “மாவட்டக் கல்வி அதிகாரியை மேலிடம் நியமிப்பதால்தான் அவர் நம் பள்ளியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் மக்களே வாக்களித்து அத்தகைய அதிகாரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கும் அந்த முறை வந்தால் அவர் நம் வாசலைத் தேடி வருவார்” என்பதே அக்கருத்து.

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், இக்கோரிக்கை தவறானது என்பதே என் உறுதியான நிலைப்பாடு. தவறானது மட்டுமன்று, எண்ணிக்கையில் சிறுத்த நம்மைப் போன்ற சமூகத்திற்கு ஆபத்தானதும்கூட. கல்வியை நடத்தும் அதிகாரி கற்பித்தலும் நிருவாகமும் அறிந்தவராக நியமிக்கப்பட வேண்டும். அவரைக் கண்காணிக்கும் மன்றத்தில்தான் மக்களின் பேராளர்கள் அமர வேண்டும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காரணங்களை ஒவ்வொன்றாக முன்வைக்கிறேன். பொறுமையுடன் படியுங்கள்.

அமெரிக்காவில் நடப்பது என்ன?

முதலில், ‘அமெரிக்காவில் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்’ என்பது பாதி உண்மைதான். அந்நாட்டில் ஏறத்தாழ 13,000 கல்வி மாவட்டங்கள் உள்ளன. அவற்றில் ஆகப் பெரும்பாலானவற்றில் மக்கள் தேர்ந்தெடுப்பது கல்வி வாரியத்தின் உறுப்பினர்களைத்தான். அந்த வாரியம் கூடி, விண்ணப்பங்களை வரவேற்று, நேர்காணல் நடத்தி, ‘சூப்பிரின்டென்டன்ட்’ எனப்படும் கல்விக் கண்காணிப்பாளரை நியமிக்கிறது. அவருக்கு ஒப்பந்தம் உண்டு. பணி சரியில்லையெனில் வாரியமே அவரை நீக்கலாம்.

கண்காணிப்பாளரையே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இன்று பெரும்பாலும் புளோரிடா, அலபாமா ஆகிய இரு மாநிலங்களில்தான் எஞ்சியுள்ளது. அங்கும் எல்லா இடங்களிலும் இல்லை. ஒரு காலத்தில் தென்மாநிலங்கள் பலவற்றில் இம்முறை இருந்தது. டென்னசி 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி படிப்படியாக அதைக் கைவிட்டது. ஜார்ஜியாவும் 1992இல் தன் அரசியலமைப்பைத் திருத்தி நியமன முறைக்கு மாறியது. மிசிசிப்பி 2016இல் சட்டம் இயற்றி, 2019 சனவரி முதல் கண்காணிப்பாளர்கள் அனைவரும் நியமிக்கப்பட வேண்டும் என்றது. தேர்தல் முறையில் நீண்ட காலம் வாழ்ந்து பார்த்தவர்களே அதை விட்டு விலகிக்கொண்டிருக்கும்போது, நாம் அதைப் புதுமை என்று எண்ணி வரவேற்பது எங்ஙனம் பொருந்தும்?

புளோரிடா சொல்லும் செய்தி

புளோரிடாவைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அங்கே 67 கவுண்டிகள் உள்ளன. ஒவ்வொரு கவுண்டியும் ஒரு கல்வி மாவட்டம். 1968ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி கண்காணிப்பாளர் நான்காண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுபவர். ஆயினும், அக்கவுண்டி மக்கள் விரும்பி வாக்களித்தால் நியமன முறைக்கு மாறிக்கொள்ளலாம். மயாமி-டேட், புரோவர்ட், பாம் பீச், ஹில்ஸ்பரோ, ஆரஞ்சு போன்ற பெரிய கவுண்டிகள் நியமன முறையைக் கைக்கொண்டுள்ளன. பாதிக்கும் மேற்பட்ட கவுண்டிகளில் இன்றும் தேர்தல்தான்.

அத்தேர்தலின் விளைவுகளைக் கவனியுங்கள்.

முதலாவது, ஆள் பஞ்சம். வேட்பாளர் அந்தக் கவுண்டியின் வாக்காளராக இருக்க வேண்டும். லிபர்ட்டி, லாஃபயெட் போன்ற கவுண்டிகளில் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 8,000தான். அந்த எண்ணாயிரம் பேருக்குள்ளேயே ஒருவரைத் தேட வேண்டும். பக்கத்துக் கவுண்டியில் இருபதாண்டுகள் பள்ளி நடத்திய திறமைசாலி இருந்தாலும், குடிபெயர்ந்து வந்து வாக்கு கேட்டாலன்றி அவருக்கு வாய்ப்பில்லை. நியமன முறையிலோ நாடு முழுவதிலுமிருந்து விண்ணப்பங்களைப் பெறலாம்.

இரண்டாவது, தகுதி. புளோரிடாவில் தேர்தலில் நிற்பவர் ஆசிரியராக இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாஸ்கோ கவுண்டியில் 2012 முதல் 2024 வரை கண்காணிப்பாளராக இருந்த கர்ட் பிரவுனிங் அதற்கு முன்னர் அக்கவுண்டியின் தேர்தல் அதிகாரியாகவும் பின்பு மாநிலச் செயலாளராகவும் இருந்தவர். கல்வித்துறையில் பணியாற்றியவர் அல்லர். அவர் திறமையற்றவர் என்று நான் கூறவில்லை. மக்கள் அவரை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். நான் கேட்பது வேறு. ஓர் அறுவை மருத்துவரை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்போமா? பயணிகள் கைதூக்கி விமானியைத் தேர்ந்தெடுப்பார்களா? பல்லாயிரம் பிள்ளைகளின் கல்விக்குப் பொறுப்பேற்பவரிடம் மட்டும் ‘கற்பித்த அனுபவம் இருக்கிறதா?’ என்று கேட்க மாட்டோம் என்பது என்ன நியாயம்?

மூன்றாவது, கட்சி. இதுதான் என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. புளோரிடாவில் கல்வி வாரிய உறுப்பினர் தேர்தல் கட்சிச் சார்பற்றது. 1998இல் மக்கள் வாக்களித்து அவ்வாறு மாற்றினர். 2024இல் அதை மீண்டும் கட்சித் தேர்தலாக்க முன்மொழிந்தபோது, தேவையான 60 விழுக்காட்டு ஆதரவு கிட்டாமல் அம்முயற்சி தோற்றது. ஆனால், கண்காணிப்பாளர் தேர்தல் கட்சித் தேர்தலாகவே நடக்கிறது! அதுவும் அதிபர் தேர்தல் நடக்கும் அதே நாளில், அதே வாக்குச் சீட்டில். அதிபரைப் பார்த்து வாக்களித்த கை, அந்த வேகத்திலேயே கல்விக் கண்காணிப்பாளருக்கும் கட்சி பார்த்து வாக்களித்துவிடும். நான்காம் ஆண்டு பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்ற கவலைக்கு அங்கே இடம் ஏது?

நான்காவது, பொறுப்பு. மக்கள் தேர்ந்தெடுத்த கண்காணிப்பாளரை அங்கே வாரியம் நீக்க முடியாது. வாரியமும் மக்கள் வாக்கால் வந்தது. கண்காணிப்பாளரும் மக்கள் வாக்கால் வந்தவர். இருவருக்கும் பிணக்கு வந்தால் தீர்ப்பு கூறுவது யார்? அடுத்த தேர்தல்தான். நான்காண்டு! முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை அதற்குள் ஐந்தாம் ஆண்டுக்குப் போய்விடும்.

நியமனம் குறையற்றதா?

இல்லை. நேர்மையாக வாதிட வேண்டுமானால் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

புளோரிடாவின் எஸ்காம்பியா கவுண்டி மக்கள் 2018இல் சிறு வித்தியாசத்தில் நியமன முறைக்கு வாக்களித்தனர். 2020இல் முதல் கண்காணிப்பாளர் நியமிக்கப்பட்டார். 2023 மே மாதத்தில் வாரியம் 3-2 என்ற வாக்கில் அவரை நீக்கிவிட்டது. மூன்றாண்டுகூட முழுமையடையவில்லை. புரோவர்ட் கவுண்டியின் கதை இதனினும் குழப்பமானது. 2022 ஆகஸ்டில் மாநில ஆளுநர் வாரிய உறுப்பினர் நால்வரை இடைநீக்கம் செய்து, தாம் தேர்ந்தவர்களை அவ்விடங்களில் அமர்த்தினார். அந்த வாரியம் நவம்பரில் 5-4 என்ற வாக்கில் கண்காணிப்பாளரை நீக்கியது. சில வாரங்களில் புதிய வாரியம் அத்தீர்மானத்தை இரத்து செய்தது. 2023 தொடக்கத்தில் அவர் உடன்பாட்டின் பேரில் விலகினார்.

ஆக, நியமனம் என்றாலே நிலைத்தன்மை என்று நான் வாதிடவில்லை. புளோரிடாவின் பல கவுண்டிகளில் நியமன முறை வேண்டாம் என்று மக்கள் வாக்களித்ததும் உண்மை. தம் கையில் உள்ள வாக்கை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? அம்மனநிலையை நான் இகழவில்லை.

ஆனால், இவ்விரு கதைகளிலும் ஒரு செய்தி மறைந்திருக்கிறது. யார் நீக்கினார்கள், எந்த நாளில் நீக்கினார்கள், எத்தனைக்கு எத்தனை வாக்கு என்பதை ஆயிரக்கணக்கான கல் தொலைவில் உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரால் எழுத முடிகிறது. ஏன்? அங்கே நியமனமும் நீக்கமும் பொதுக்கூட்டத்தில், மக்கள் கண்முன் நடக்கின்றன. அவ்வெளிப்படைத் தன்மைதான் நாம் கேட்டுப் பெற வேண்டிய பொருள்.

குடவோலையைக் காட்டுவோருக்கு

“உலகுக்கே தேர்தலைக் கற்றுக்கொடுத்தவன் தமிழன், உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள்” என்று என்னிடம் வாதிட்டவர்களும் உண்டு. பார்ப்போமே! பராந்தக சோழன் காலத்து அக்கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அங்கே பெரும்பான்மை வாக்கு எண்ணப்படவில்லை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அது குலுக்கல்!

குலுக்கலுக்கு முன்னே நின்ற தகுதிப் பட்டியலைத்தான் நம்மவர்கள் படிப்பதில்லை. வயது 35க்கு மேல், 70க்குள். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். கல்வியறிவு வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரக் கூடாது. எல்லாவற்றிற்கும் மேலாக, முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது. அவருடைய உறவினரும் வரக் கூடாது.

அஃது அந்தணர் ஊர். நிலமுடைய ஆடவருக்கு மட்டுமே உரிய முறை. அதை அப்படியே இன்றைக்குக் கொண்டுவர எந்த நல்லறிவாளரும் விரும்பார். ஆனால், ‘முதலில் தகுதி, பிறகு தேர்வு, கணக்குக் காட்டாதவனுக்குப் பதவியில்லை’ என்ற ஒழுங்கு இருக்கிறதே, அது இன்றைக்கும் பொருந்தும். குடவோலையை எடுத்துக்காட்டுவோர் குடத்தை மட்டும் காட்டிவிட்டுக் கணக்கை மறைப்பது முறையன்று.

நம் நாட்டில் நடந்தால்?

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். மலேசியாவில் கல்வி கூட்டரசின் கையில் உள்ளது. அமைச்சு, அதன்கீழ் மாநிலக் கல்வி இலாகா, அதன்கீழ் மாவட்டக் கல்வி அலுவலகம் என்ற வரிசையில் அதிகாரம் இறங்கி வருகிறது. அமெரிக்காவைப் போல இடையில் மக்கள் தேர்ந்தெடுத்த கல்வி வாரியம் எதுவும் இல்லை. ஊராட்சி மன்றத் தேர்தலே 1965இல் நிறுத்தப்பட்டு, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முற்றாக மறைந்துவிட்டது.

இந்நிலையில் மாவட்டக் கல்வி அதிகாரியைத் தேர்தலில் நிறுத்தினால் என்ன நடக்கும்? நாட்டு மக்களில் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காடு. ஒரு மாவட்டத்தில் அறுபது, எழுபது தொடக்கப்பள்ளிகள் இருந்தால் அவற்றுள் தமிழ்ப்பள்ளி நான்கோ ஐந்தோ இருக்கும். வெற்றி பெற விரும்பும் வேட்பாளர் யாருடைய வாசலுக்குப் போவார்? நூற்றுக்குத் தொண்ணூறு வாக்கு இருக்கும் இடத்திற்கா, ஐம்பது பிள்ளைகள் மட்டுமே படிக்கும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கா? ‘அவர் நம் வாசலைத் தேடி வருவார்’ என்று சொல்லும் பெற்றோர்களே, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

ஒரே நாற்காலிக்கு நடக்கும் போட்டியில் சிறுபான்மைக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. பத்து நாற்காலிகள் உள்ள மன்றத்தில் நமக்கும் ஒன்றைக் கேட்டுப் பெறலாம். அதிகாரியைத் தேர்ந்தெடுப்பதற்கும் மன்றத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் தேர்தல் வேண்டும் என்று கூவுவது, நம் கிளையை நாமே வெட்டுவதற்கு ஒப்பாகும்.

இன்னொன்றும் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் பதவிக்கே சில பள்ளிகளில் இரண்டு அணி, இரண்டு கட்சி, இரண்டு பதாகை என்று பிரிந்து நிற்கும் காட்சியை நாம் காணாதவர்களா? பள்ளி வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் போகும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பகை வகுப்பறைக்குள் பிள்ளைகளிடமும் வந்து சேர்கிறது. மாவட்ட அதிகாரி பதவிக்கே தேர்தல் என்றால் பதாகைகள் எங்கெங்கே தொங்கும்? நமக்கு வாக்களிக்காத பள்ளி என்று ஓர் அதிகாரி குறித்து வைத்துக்கொண்டால் அப்பள்ளியின் கூரை எப்போது மாறும்?

குறை இல்லையா என்றால், இருக்கிறது

தேர்தல் கேட்பவர்களின் மனக்குறை பொய்யன்று. அதை நான் நன்கறிவேன். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றபின் எட்டு மாதங்கள் அந்நாற்காலி காலியாகவே கிடந்தது. துணைத் தலைமையாசிரியர் தம் வேலையையும் அவ்வேலையையும் சேர்த்துச் சுமந்தார். ‘எப்போது புதியவர் வருவார்?’ என்று பெற்றோர் கேட்டபோது பதில் சொல்ல யாருமில்லை. வந்த புதியவரும் ஓராண்டு முடிந்ததும் மாற்றலாகிப் போனார். காரணம் எவருக்கும் தெரிவிக்கப்படவில்லை. ‘மேலிடத்து முடிவு’ என்ற இரண்டே சொற்கள்தாம் கிடைத்தன.

இந்த இரண்டு சொற்கள்மீதுதான் எனக்குக் கோபம், நியமனத்தின்மீது அன்று. தகுதி பார்க்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லாமல் இல்லை. தலைமைப் பொறுப்புக்கு வருவோருக்கெனத் தேசியத் தொழில்முறைத் தகுதிப் பயிற்சி உண்டு. அமினுடின் பாக்கி கழகம் அதை நடத்துகிறது. 2013-2025 மலேசியக் கல்விப் பெருந்திட்டம் மாவட்டக் கல்வி அலுவலகங்களுக்குக் கூடுதல் பொறுப்பும் வழிகாட்டும் அதிகாரிகளும் தந்தது. பொறுப்பைக் கூட்டிய கை, பெற்றோருக்குப் பதில் சொல்லும் கடமையையும் அதே அளவு கூட்டியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவே, நாம் கேட்க வேண்டியவை இவை என்பேன்:

1. தலைமையாசிரியர் பணியிடம் காலியானால், எத்தனை நாள்களுக்குள் அஃது நிரப்பப்படும் என்பதைப் பெற்றோருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். கெடு தவறினால் காரணம் கூற வேண்டும்.

2. மாவட்டக் கல்வி அதிகாரி ஆண்டுக்கு ஒருமுறை தம் மாவட்டத்துப் பள்ளிகளின் பெற்றோர் பேராளர்களைப் பொதுக் கூட்டத்தில் சந்தித்து, ஆசிரியர் பற்றாக்குறை, கட்டடப் பழுது, ஒதுக்கீடு ஆகியவற்றைப் பட்டியலாக முன்வைக்க வேண்டும்.

3. ஒவ்வொரு மாவட்டத்திலும் பெற்றோர், ஓய்வுபெற்ற ஆசிரியர், முன்னாள் மாணவர் அடங்கிய ஆலோசனை மன்றம் வேண்டும். அதில் தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி மூன்றுக்கும் உறுதியான இடங்கள் இருத்தல் வேண்டும். அங்கே தேர்தல் நடக்கட்டும். முதல் ஆளாக நான் வாக்களிக்க வருவேன்.

4. நியமிக்கப்பட்டவருக்குக் குறைந்தது மூன்றாண்டுகள் பணியாற்ற வாய்ப்பு தர வேண்டும். இடையில் மாற்றினால் அம்மன்றத்திற்குக் காரணம் கூற வேண்டும்.

இவற்றுள் எதற்கும் வாக்குப்பெட்டி தேவையில்லை. அரசியலமைப்பைத் திருத்தவும் தேவையில்லை.

நம் கையில் இருக்கும் வாக்கு

கடைசியாகப் பெற்றோர்களிடம் ஒரு கேள்வி. வருந்தாதீர்கள்.

தேர்தல் வேண்டும் என்கிறோம். நம்மிடம் ஏற்கனவே ஒரு தேர்தல் இருக்கிறதே! 1998ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ் இயங்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் நடத்துகிறது. அங்கே செயலவையை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். கணக்கறிக்கையை நாம்தான் ஏற்கவோ மறுக்கவோ செய்கிறோம். அக்கூட்டத்திற்கு எத்தனை பேர் வருகிறார்கள்? காலை ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய கூட்டம், போதிய உறுப்பினர் இன்றிப் பத்தரை மணிக்குத் தொடங்கும். பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது பாதிப் பேர் சிற்றுண்டி மேசைப் பக்கம் இருப்பர். ‘கேள்வி ஏதும் உண்டா?’ என்றால் அமைதி. கூட்டம் முடிந்ததும் வாகன நிறுத்துமிடத்தில் நின்று ஒரு மணி நேரம் கேள்வி கேட்போம்!

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு மேலாளர் வாரியம் அமைக்கவும் இடம் தருகிறது. சீனப்பள்ளிகளின் வாரியங்கள் 1954ஆம் ஆண்டிலேயே டோங் சோங் என்னும் கூட்டமைப்பாக ஒன்றிணைந்தன. அவர்கள் அதிகாரியைத் தேர்தலில் நிறுத்தக் கோரித் தங்கள் குரலை வலுப்படுத்தவில்லை. வாரியத்தை வலுப்படுத்தினார்கள், அதனால் அதிகாரிகள் அவர்கள் பேச்சைக் கேட்டாக வேண்டியதாயிற்று. உங்கள் பள்ளியில் மேலாளர் வாரியம் இருக்கிறதா? இருந்தால் அதன் உறுப்பினர் யார், கடைசியாக எப்போது கூடினார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா?

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். ‘பெற்றோர் தலையிடுகிறார்கள்’ என்று நாம் அடிக்கடி சலித்துக்கொள்கிறோம். கேள்வி கேட்கும் பெற்றோர் நமக்குப் பகைவர் அல்லர். காலியிடத்தை நிரப்புங்கள் என்று அலுவலகத்திற்கு ஓர் ஆசிரியர் கடிதம் எழுத இயலாத வேளையில், அக்கடிதத்தைத் துணிந்து எழுதக் கூடியவர் பெற்றோர்தாம். அவர்களுக்கு விவரம் தெரிவிப்பதை நாம் இழுக்காகக் கருதக் கூடாது.

உங்கள் பள்ளியின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு பிள்ளையின் பையில் வரும்போது, தேதியைக் குறித்து வையுங்கள். கணக்கறிக்கையை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படியுங்கள். மேலே சொன்ன நான்கு கோரிக்கைகளில் ஒன்றையேனும் தீர்மானமாக முன்மொழியுங்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட நம் தமிழ்ப்பள்ளிகளில் ஐம்பது பள்ளிகள் ஒரே தீர்மானத்தை நிறைவேற்றி அனுப்பினாலும், அதைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க எந்த அலுவலகத்தாலும் முடியாது.

மாற்றுக் கருத்துடையோர் தாராளமாக எழுதலாம். காரணத்தோடு எழுதுங்கள், கண்டிப்பாகப் பதில் தருவேன்.